விலாசத்தின் கடைசி வரி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். தொடங்கியாயிற்று. இனி விஷயம்.

அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ வழவழவென்று பேசுவாய், நான் கத்துவேன், நீ "சிக்னல் சரியில்லக்கா" என்று வைத்துவிடுவாய். முப்பத்தோரு வருஷம் தபால் பிரித்த மனிதரின் பிள்ளைகள் நாம். "முக்கியமானத தாள்ல எழுது, தாள் பேச்சு மாறாது" என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் தாள்.

போன ஞாயிறு டீயைக் கொண்டுபோய் அவர் இடப் பக்கம் வைத்தேன். தட்டிவிட்டார். துடைத்துவிட்டு இன்னொன்று வைத்தேன். அதையும் தட்டிவிட்டார். இடப் பக்கமாகப் போய் நின்று, முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார்.

கண் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவருக்கு ஐந்து வருஷமாகக் கண் அழுத்த நோய் என்பது உனக்குத் தெரியும். காலையும் சாயங்காலமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்பதும் தெரியும். "மருந்த எப்ப நிறுத்துனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஆறு மாசம் ஆச்சும்மா" என்று, ஏதோ சிகரெட்டை நிறுத்தியவர் மாதிரி பெருமையாகச் சொல்கிறார்! சொட்டு மருந்து விஷமாம். அதற்குப் பதில் மூலிகை மாத்திரையாம். "பார்வை காப்போம் இயக்கம்" என்று ஒரு இணையதளம் சொன்னதாம்.

டாக்டரம்மா அங்கேயே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இது இயக்கமும் இல்ல மயக்கமும் இல்ல. மாத்திரை விக்கிற கம்பெனி" என்றார்.

அதன் முகவரி "ஆர்க்" என்று முடிகிறது. கம்பெனி என்றால் "காம்", லாபம் பார்க்காத சேவை அமைப்பு என்றால் "ஆர்க்", பள்ளிக்கூடத்துக்கு ஒரு வால், அரசாங்கத்துக்கு ஒரு வால் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவன் நீ. நம் நாட்டு முகவரிகளுக்கு அந்த வாலை ஒட்டிக் கொடுக்கும் பதிவகத்தில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய். மாத்திரை வியாபாரிக்கு இந்த வாலை ஒட்டிய புண்ணியவான் யார்? பெயரைக் கண்டுபிடித்து எழுது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

வலது கண்ணிலும் அழுத்தம் ஏறி நிற்கிறது. மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அதுவும் போய்விடும். மனுஷன் மாட்டேன் என்கிறார்.

உன் மாமாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

கோபத்துடன்,
அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா? மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே நாங்கள் சுகம். சின்னவளுக்கு மட்டும் சளி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை "ஆர்க்" வேண்டும் என்றால் சேவை அமைப்புக்கான சான்றிதழைப் பார்த்துத்தான் கொடுத்தோம். பிறகு அந்தச் சோதனை நீக்கப்பட்டது. இப்போது யார் கேட்டாலும் எந்த வாலும் பத்து நிமிஷத்தில் கிடைக்கும். அந்தக் கம்பெனி விதியை மீறவில்லை. மீற விதியே இல்லை.

கோபப்படாமல் கேள். காது கேளாத பிள்ளைகளின் அம்மாக்கள் பதினேழு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். பதிவு செய்யாத குழு, சான்றிதழ் கிடையாது. பதினாலு மாதம் அவர்களை அலையவிட்டோம். அவர்கள் முதல் தடவை வந்த அதே வாரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, முழுக்க லாபத்துக்கு நடப்பது, பெயருக்கு ஒரு அறக்கட்டளைப் பத்திரத்தைக் காட்டி மத்தியானத்துக்குள் வாங்கிக்கொண்டு போனது. எங்கள் சோதனை ஏழையைத்தான் தடுத்தது, ஏமாற்றுக்காரனைத் தடுக்கவில்லை. அதுவுமில்லாமல், எது எந்த வகை என்று யார் சொல்வது? கூட்டுறவுக் கடை வியாபாரமா, சேவையா? கட்டணம் வாங்கும் பள்ளிக்கூடம்? முகவரி என்பது ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லத்தான், அவர் யோக்கியரா என்று சொல்ல அல்ல. அந்த அடிப்படையில்தான் முடிவு எடுக்கப்பட்டது.

அந்தத் தளத்தைப் பற்றிப் புகார் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை கூசுகிறது. மூன்று பேருக்கு ஐந்து கண்தான் இருக்கிறது இந்த வீட்டில்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நல்ல தமிழ். நீக்கப்பட்டதாம், எடுக்கப்பட்டதாம். எவன் நீக்கினான்? பேய் வந்து நீக்கியதா? நான் ஆள் பெயர் கேட்டேன்.

எங்கள் ஆலை கேன்டீன் உனக்குத் தெரியும். நானூறு பேருக்குச் சமைக்கிறோம். வினிகரும் தரை கழுவும் அமிலமும் ஒரே மாதிரி வெள்ளைக் கேனில்தான் வருகின்றன. அமிலத்துக்குச் சிவப்பு மூடி. அவ்வளவுதான் வித்தியாசம். "மூடி பார்த்துப் போட நேரமாகுது, இனிமே எந்தக் கேனுக்கும் எந்த மூடியும் போடலாம்" என்று நான் ஒரு நாள் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? அந்தப் பதினேழு அம்மாக்களை அலையவிட்டது தப்புதான். அதற்கு ஒரு ஆளைப் போட்டு அவர்கள் வீட்டு முன்னறையைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டியதுதானே? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறீர்கள்.

மூடியே கிடையாது என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, முகர்ந்து பார்த்துக்கொள்வோம். சிவப்பு மூடியையும் வைத்துக்கொண்டு அதற்கு அர்த்தம் இல்லை என்கிறீர்களே, அதுவும் உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறீர்களே, அதைத்தான் அயோக்கியத்தனம் என்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை என்றாலே எழுந்து போய்விடுகிறார். கத்தி பட்டால் கண் அவிந்துவிடும் என்று அந்த இயக்கம் எழுதியிருக்கிறதாம். அது பொய் சொல்கிறது அப்பா என்றேன். "ஆர்க்ல முடியுதும்மா. சான்றிதழ் பார்க்காம குடுக்க மாட்டாங்க. உனக்குச் சமையக்கட்டு தெரியும், அவனுக்குத்தான் இது தெரியும். அவன் ஆபீஸ்மா அது" என்கிறார்.

அந்த ஆபீஸால்தான் கண் போயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னாலும் நான் சொன்னால் ஏறாது. நீ சொன்னால் கேட்பார். இரண்டு நாள் லீவு போட்டு வா. ஆர்க் என்ற வாலுக்கு இப்போது அர்த்தமில்லை என்று அவர் முன்னால் உட்கார்ந்து சொல். வலது கண்ணாவது நிற்கட்டும்.

சின்னவளுக்குச் சளி எப்படி இருக்கிறது?

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சின்னவளுக்குச் சளி சரியாகிவிட்டது.

ஆண்டு முடிவு நேரம், லீவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. புகார் விஷயமாக விசாரித்தேன். ஒரு தளத்தில் எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்பது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டுமாம். படிவம் வாங்கியிருக்கிறேன்.

சோதனையை நீக்கியது பற்றிய எங்கள் சுற்றறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கொடு. அதிகாரபூர்வமான தாள் என்பதால் நம்புவார்.

மாமாவை நடக்கச் சொல். உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் இறுகிவிடும்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் மாமாவின் முழங்காலை விடு. அது உன் மேல் எந்தப் புகாரும் சொல்லவில்லை.

சுற்றறிக்கையை அப்பாவிடம் கொடுத்தேன். லென்ஸ் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். "பதிவு நடைமுறை எளிதாக்கம்" என்று தலைப்பு. படித்து முடித்து, "நல்ல காரியம். வேலையச் சுலபமாக்கியிருக்காங்க" என்றார். அதில் எங்கேயடா சொல்லியிருக்கிறது, இனிமேல் நம்பாதே என்று? நானும் படித்தேன். எனக்கும் ஒரு எழவும் விளங்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர் கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்தேன். திரைக்குக் கீழே ஒரு சீட்டு. மேலே பளபளவென்று டேப் ஒட்டிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். உன் கையெழுத்து.

"அப்பா, முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். ஆர்க் என்று முடிந்தால் நம்பலாம். சான்றிதழை நான் பார்த்திருப்பேன்."

ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்த அன்று எழுதியது. அப்போது உனக்குச் சான்றிதழ் சோதிக்கும் வேலை. அவருக்கு வேறு என்ன வேண்டும்? வாழ்நாள் முழுக்க விலாசத்தைக் கீழேயிருந்து மேலே படித்தவர். ஊர் முதலில், தெரு பிறகு, ஆள் கடைசியில். கடைசி வரி சரியாக இருந்தால் தபால் போய்ச் சேரும் என்று நம்பியவர். அவரிடம் பிள்ளையே வந்து, கடைசி வரியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அந்தச் சீட்டைத் தொட்டேன். "அத எடுக்காதம்மா" என்று அதட்டினார். அவருக்கு வலப் பக்கம் நின்றிருந்தேன், அதனால் தெரிந்துவிட்டது.

விதி மாறி இரண்டு வருஷம் ஆகிறது. வாராவாரம் போன் செய்தாய். நூறு ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிறு வாயைத் திறந்து, "அப்பா, அது மாறிடுச்சு" என்று சொல்ல உனக்கு என்ன கேடு?

இதற்குப் பதில் எழுது. சளி, முழங்கால் எல்லாம் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 22

பதினாறு நாள் ஆயிற்று.

டாக்டரம்மா மே 18 தேதி கொடுத்திருக்கிறார். அதைத் தாண்டினால் செய்து பிரயோஜனம் இல்லை என்கிறார். அப்பா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை விழுங்குகிறார். நான் ஒளித்து வைத்தால் தேடி எடுத்து விழுங்குகிறார். சொட்டு மருந்தோடு பக்கத்தில் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், எழுபத்திரண்டு வயசு மனுஷன்.

உனக்கு என்ன, கையில் சுளுக்கா?

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சோதனையை நீக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான்தான். மார்ச் 3 அன்று நீ கேட்ட பெயர் என் பெயர்தான்.

இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். அந்தப் பதினேழு அம்மாக்களின் கதை அதில் இருக்கிறது, அது நிஜம். அவர்களில் ஒருத்தி என் மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். இந்தச் சோதனை அநியாயம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்க அவளுக்காக எழுதினேன் என்றும் சொல்ல மாட்டேன். மேலிடத்துக்குச் சீக்கிரம் வேண்டியிருந்தது, நிறைய முகவரிகள் பதிவாக வேண்டியிருந்தது. என் குறிப்பைப் பாராட்டினார்கள். துணை மேலாளர் பதவி அதற்குப் பிறகுதான் வந்தது. நீ வாழ்த்துச் சொன்னாய், அப்பா எனக்குப் பேனா அனுப்பினார்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். "பொதுமக்களில் ஒருவர்கூட முகவரியின் முடிவைப் பார்த்து ஓர் அமைப்பை நம்புவதில்லை." ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் தேடவில்லை.

அதை எழுதும்போது அப்பா நினைவுக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். வந்தார் அக்கா. அந்தச் சீட்டும் வந்தது. அவர் ஒருத்தர்தானே, ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு வீட்டுக் குழாய் உடைந்த கதையை அவர் சொன்னார், பேச்சு அதிலேயே போய்விட்டது. அடுத்த ஞாயிறு மறந்தேன். அதற்கப்புறம் நினைவே வரவில்லை, உன் முதல் கடிதம் வரும்வரை.

லீவு நாற்பது நாள் கிடக்கிறது. கிடைக்கவில்லை என்றது பொய். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீயே ஏதாவது சொல்லி அவரைச் சம்மதிக்க வை. நான் எழுதியது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

*

மே 3

தம்பிக்கு,

இந்த வீட்டில் யாரும் நலம் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று கேன்டீனில் ஒரு பெரிய அண்டாவைக் கீழே போட்டேன். சத்தம் ஆலை வாசல் வரைக்கும் கேட்டதாம். வேண்டுமென்றேதான் போட்டேன்.

"அவர் ஒருத்தர்தானே." பாவி! அந்த ஒருத்தர் உன்னைச் சைக்கிளில் வைத்துப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தார். அதற்கு மேல் வைய எனக்கு வார்த்தை வரவில்லை. தேடிப் பார்த்தேன், நமக்குத் தெரிந்த வசவெல்லாம் உனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரைப் பார்சல் நான்கு தடவை வந்தது. நான்கையும் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். மேலே முகவரி அச்சடித்திருந்தது. ஆர்க் என்று முடிந்ததைப் பார்த்தேன். ஏதோ தர்ம காரியம்போல என்று மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். என்ன மாத்திரை என்று ஒரு தரம்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக உன்னை வைவதில் பாதி எனக்கும் சேர்த்துத்தான். ஆக உன் ஒன்பதாம் பக்கத்துக்கு இந்த வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறோம்.

ஆனால் நான் அவரிடம் எதையும் மறைத்துச் சொல்ல மாட்டேன். நீ எழுதினாய் என்று தெரிந்தால்தான் அந்தச் சீட்டின் மேல் இருக்கும் நம்பிக்கை உடையும். அது உடையாமல் அவர் கத்திக்குச் சம்மதிக்க மாட்டார். உன் மானமா, அவர் கண்ணா என்று நீயே பார்த்துக்கொள். பதினைந்து நாள் இருக்கிறது.

அவர் பெயருக்கு எழுது. பெரிய எழுத்தில் எழுது.

அக்கா

*

மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கா எழுதித் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மேசையில் நான் ஒட்டிய சீட்டு பொய். ஒட்டிய அன்று உண்மையாக இருந்தது. இரண்டு வருஷமாகப் பொய்.

இப்போது எந்தக் கம்பெனியும் ஆர்க் வாங்கலாம். யாரும் சான்றிதழ் பார்ப்பதில்லை. நான் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். முகவரியின் முடிவை ஒருவர்கூட நம்புவதில்லை என்று அதில் எழுதினேன். நீங்கள் நம்புகிறீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். உங்களிடம் சொல்லவும் இல்லை.

அந்த இயக்கம் மாத்திரை விற்கும் கடை. அது சொன்னதைக் கேட்டு உங்கள் கண் போயிற்று. என் சீட்டை நம்பித்தான் அதைக் கேட்டீர்கள்.

டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்கள் அப்பா. 18ஆம் தேதி சம்மதியுங்கள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் மகன்

*

மே 16

சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு சௌகரியம். கண் சமாச்சாரம் உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்று உன் அக்கா கேட்டாள். கொடுக்கவில்லை. லென்ஸ் வைத்து நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

தபால் கூடத்தில் ஒரு ஊருக்குப் பாதை மாறினால் என்ன செய்வோம் என்று உனக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது. பாதையை மாற்றியவன் அன்றைக்கே ஒவ்வொரு மேசைக்கும் வர வேண்டும். பழைய சீட்டைத் தன் கையால் பிய்க்க வேண்டும். புதுச் சீட்டை ஒட்ட வேண்டும். மேசைக்காரனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிய்க்காமல் போனவனுக்கு மூன்று நாள் வேலை கிடையாது. ஏன் தெரியுமா? மேசைக்காரன் தலை நிமிர மாட்டான். சீட்டை நம்பி அவன் கை போய்க்கொண்டே இருக்கும். தப்பான பையில் ஆயிரம் கடிதம் விழுந்த பிறகுதான் தெரியும்.

நீ என் மேசையில் சீட்டு ஒட்டினாய். பாதையை மாற்றினாய். பிய்க்க வரவில்லை.

பாதையை மாற்றியது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. உன் அக்கா சொன்ன அந்தப் பதினேழு அம்மாக்களை நடக்கவிட்டதும் தப்புதான். அதை உங்கள் ஆட்கள் உட்கார்ந்து பேசட்டும். ஒருவர்கூட நம்புவதில்லை என்று எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருத்தன் இருந்தேனேடா. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னோடு பேசிக்கொண்டு இருந்தேனே.

அந்த வரியைத் திருத்து. உன் ஆபீஸில் திருத்து. என்னைப் போல மேசையில் சீட்டு வைத்திருப்பவன் எத்தனை பேரோ. அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பு.

நாளை மறுநாள் கத்திக்குச் சம்மதித்துவிட்டேன். மாத்திரையைக் குப்பையில் போட்டாயிற்று. சீட்டைக் கிழிக்கவில்லை. ஒட்டியவன்தான் பிய்க்க வேண்டும்.

வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா

*

ஜூன் 9

தம்பிக்கு,

நலம் என்று இந்தத் தடவை பாதி மனதோடு எழுதலாம்.

வலது கண் தப்பிவிட்டது. நேற்று டாக்டரம்மா எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்திலிருந்து தொடங்குங்கள் என்றார். "எனக்குக் கீழேயிருந்துதாம்மா பழக்கம்" என்று பிடிவாதமாகக் கடைசி வரிக்குப் போனார். தெரியவில்லை. அதற்கு மேல் வரியும் தெரியவில்லை. அப்படியே ஏறி ஏறி, மேலேயிருந்து மூன்றாவது வரியில்தான் எழுத்துப் பிடிபட்டது. கீழ் வரிகள் இனி வராது, இருப்பது போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அப்பா தலையாட்டிக்கொண்டார். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

உன் புதுக் குறிப்பின் நகல் வந்தது. சோதனை திரும்ப வேண்டும், சான்றிதழ் இல்லாத சின்னக் குழுவை நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும், அதுவரை ஆர்க் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று பத்திரிகையில் பெரிதாக அறிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா கடைசி வரியிலிருந்து படிக்கச் சொன்னார். "முந்தைய குறிப்பை எழுதியவன் நான். ஒன்பதாம் பக்கத்தில் உள்ள வரி பொய் என்று தெரிந்தே எழுதினேன்." கீழே உன் பெயர். இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "வேலை போயிடுமோ?" என்று கேட்டார். போனால் போகட்டும் என்றேன். "அப்படிச் சொல்லாத" என்று என்னை அதட்டினார். இந்த வீட்டில் உனக்குப் பரிந்து பேச ஆள் இருக்கிறது, அது நான் இல்லை.

இன்னொன்று. மே 18 அன்று ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஒருத்தர் காலையிலிருந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், யார் என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னாள். அடையாளமும் சொன்னாள். அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தவனுக்கு அந்தக் கதவு வரைக்கும் நடக்கக் கால் இல்லையா? அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீ.

என் கோபம் போகவில்லை. போகும் என்று எதிர்பார்க்காதே. சனிக்கிழமை வா. சொட்டு மருந்து காலை எட்டு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நீ விடு. "இந்தக் கண்ணுக்கும் ஒரு சொட்டு விடேன்" என்று இடது கண்ணைக் காட்டுவார், தினமும் காட்டுகிறார். அதற்கு மருந்து இல்லை என்று நீ சொல்.

சீட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிய்க்கும்போது அவர் இடப் பக்கம் நின்று சத்தமில்லாமல் பிய்த்துவிட்டுப் போய்விடாதே. வலப் பக்கம் வந்து நில். அவர் பார்க்கப் பிய்.

அக்கா